உப்புக்காற்றில் ஜிடி கார்: அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்

முட்டம், குளச்சல் என்று கடலோரமாக ஒரு சுற்று போய் வந்தபிறகு, பென்ட்லி காண்டினென்டல் ஜிடி போன்ற ஜிடி காரை (நெடுந்தூரம் வேகமாகப் போவதற்கான இரண்டு கதவு சொகுசு கார்) அப்படியே ஷெட்டில் விட்டு மூடிவிடாதீர்கள். மேலே பாலிஷ் மின்னும்; உப்பு வேலை செய்வது அடியில்.

நல்ல தண்ணீரால் சக்கர வளைவையும் அடிப்பக்கத்தையும் நன்றாக அலசுங்கள். கரையோரத்தில் பல வீடுகளில் போர்வெல் தண்ணீரே உப்புக்கரிக்கும், அதில் கழுவிப் பயனில்லை. கழுவியதும் நிறுத்தாமல் தெருவில் கொஞ்ச தூரம் ஓட்டி, நாலைந்து முறை மென்மையாக பிரேக் பிடியுங்கள். டிஸ்க்கில் உள்ள ஈரம் சூட்டில் காய்ந்துவிடும். இரும்பு டிஸ்க் ஈரத்தோடு நின்றால் ஒரே ராத்திரியில் செம்மஞ்சளாகத் துரு படரும். அது ஓட்டினால் போய்விடும், சரி. ஆனால் இந்த மாதிரி கார்கள் வாரக்கணக்கில் நிற்பவை. அப்போது பிரேக் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். கார்பன் செராமிக் டிஸ்க் துருப்பிடிக்காது, என்றாலும் சுற்றியுள்ள போல்ட்டுகள் துருப்பிடிக்கும். ஈரம் காயாமல் கவர் போடவே கூடாது.

நிற்கும் நாட்களில் பேட்டரி மெயின்டெய்னரை, அதாவது பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் சிறிய சார்ஜரை, மாட்டி வையுங்கள்.

அப்புறம், காற்று பலமாக வீசும் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் நிறுத்தினால் கதவைக் கையால் பிடித்தபடியே திறங்கள். இரண்டு கதவு கார்களில் கதவு நீளம். தென்மேற்குப் பருவக்காற்று பிடுங்கினால் கீல் வளைந்துவிடும்.