பழைய புல்லட்டில் கம்ப்ரஷன் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரும்பு சிலிண்டர் கொண்ட பழைய புல்லட் 350-இல் இழுவை குறைந்தாலோ, கிக்கர் லேசாக இறங்கினாலோ, கம்ப்ரஷன் கேஜை (ஸ்பார்க் பிளக் துளையில் மாட்டி, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று பார்க்கும் கருவி) ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு "போர் செய்ய வேண்டும்" (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்க வேண்டும்) என்று சொல்லிவிடுவது பல பட்டறைகளில் வழக்கமாக இருக்கிறது. அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் சோதித்த விதம் பிழையானால், பிஸ்டனைச் சுற்றிக் காற்றுக் கசிவைத் தடுக்கும், நன்றாகவே இருக்கும் ரிங்குகளின் மீது வீண்பழி விழும்.

இன்றைய பைக்குகளுக்குச் சொல்லப்படும் 150 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) போன்ற அளவை இதில் எதிர்பார்ப்பது அடிப்படைத் தவறு. 346 சிசி கொண்ட இந்த இன்ஜினின் அழுத்த விகிதம் (உள்ளே வந்த காற்று எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற அளவு) சுமார் 5.5 மட்டுமே என்பதால், காற்று கசியாமலும் வெப்பம் வெளியேறாமலும் அழுத்தப்பட்டாலும்கூடக் கணக்குப்படி 150-ஐத் தொடாது. யாருடைய புல்லட்டாவது அதைக் காட்டினால், பிஸ்டனோ ஹெட்டோ மாற்றப்பட்டிருக்கிறதா, உள்ளே கரி கனமாகப் படிந்திருக்கிறதா என்று சந்தேகிப்பதே முறை. ஊரின் உயரமும் கணக்கில் சேரும்: ஊட்டியில் காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு, அங்கே கேஜும் அதற்கேற்பக் குறைத்தே காட்டும்.

கேஜை எடுப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியவை டீகம்ப்ரஸரும் (கிக்கர் எளிதாக இறங்க எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே தூக்கிவிடும் அமைப்பு) டாப்பெட்டும் (வால்வின் இடைவெளியைச் சரிசெய்யும் இடம்). டீகம்ப்ரஸர் கேபிள் இறுக்கமாக இருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு சற்றே தூக்கப்பட்ட நிலையில் நின்றுவிடும். ஆகவே லீவரில் சிறிது தளர்வு இருக்க வேண்டும். டாப்பெட்டை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் நிற்க, வால்வைத் திறக்க உதவும் புஷ்ராட் கம்பி விரலால் சுழலும்படியும் மேலும் கீழும் ஆடாதபடியும் வைத்த பிறகே வண்டியைச் சூடாக்கிச் சோதிக்க வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு எடுக்கும் அளவு வீண் என்றே நான் கருதுவேன்.

சோதிக்கும்போது பலர் ஆக்சிலேட்டரை மூடியே வைத்திருக்கிறார்கள். அப்போது சிலிண்டருக்குள் போதிய காற்று போகாது. முழுக்கத் திருகிப் பிடித்து, முள் மேலே ஏறுவது நிற்கும்வரை கிக்கரை மிதிக்க வேண்டும். முள் ஏறும் விதத்தையும் கவனிக்க வேண்டும்: முதல் மிதியில் குறைவாக இருந்து மெல்ல மெல்ல ஏறினால் ரிங் தேய்மானத்தையும், தொடக்கத்திலேயே குறைந்து அங்கேயே நின்றுவிட்டால் வால்வுக் கசிவையும் அது பெரும்பாலும் காட்டும். இக்னிஷனை அணைத்திருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை.

கார் பட்டறையின் நீண்ட ஹோஸ் கொண்ட கேஜிலும் ஒரு சிக்கல் உண்டு. காற்றைத் திரும்ப விடாத வால்வு பிளக் துளையின் பக்கம் இல்லாமல் கேஜின் பக்கம் இருந்தால், ஹோஸுக்குள் உள்ள இடமும் எரியறையோடு (பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கு மேலே எஞ்சும் இடம்) சேர்ந்து அளவைக் குறைத்துவிடும். புல்லட்டின் எரியறை சுமார் 77 மில்லி என்பதால் அது ஓரளவு தாங்கும். அழுத்த விகிதம் ஒன்பது அளவில் உள்ள 100 சிசி வண்டியின் எரியறை 12 மில்லி சொச்சமே என்பதால் அங்கே அளவு மோசமாகப் பிசகும்.

பிளக் துளை வழியே எண்ணெய் ஊற்றினால் அது ரிங்கின் இடைவெளியைச் சற்று அடைக்கும், அப்போது அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று கொள்வார்கள்; இந்தச் சோதனையிலும் இதே கணக்குதான், ஆனால் எதிர்த்திசையில். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, புல்லட்டுக்குப் போதும். கைக்கு வந்தபடி 20 மில்லி ஊற்றினால் எரியறை சுருங்கி அழுத்த விகிதம் 5.5-இலிருந்து 7-க்கு ஏறிவிடும். அந்த உயர்வைப் பார்த்து ரிங் போய்விட்டது என்று சொன்னால் அது எண்ணெய் செய்த வேலையே அன்றி ரிங்கின் குற்றமாகாது. சிலிண்டர் படுத்தவாக்கில் இருக்கும் ஹீரோ ஹோண்டா சிடி 100 (CD 100) போன்ற வண்டிகளில் எண்ணெய் அடியில் தேங்கி ரிங்கைச் சுற்றிலும் பரவாது என்பதால், அங்கே இந்தச் சோதனையை நான் நம்புவதில்லை.

அளவு அப்போதும் குறைவாகவே இருந்தால், ஹெட்டைக் கழற்றுவதற்கு முன், பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் அசையாமல் நிறுத்தி, பிளக் துளை வழியே காற்றை ஏற்றிக் காதைக் கொடுத்துக் கேட்கலாம். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, சைலென்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, இன்ஜினின் அடிப்பகுதிக் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயில் பலமாகச் சீறினால் ரிங்கோ சிலிண்டரோ. பிரீதரில் மெல்லிய சத்தம் நல்ல இன்ஜினிலும் வரும். அதை மட்டும் வைத்துப் போருக்கு அனுப்பிவிடக் கூடாது.