அத்திக் குச்சியில் வேர் பிடிக்க வைப்பது எப்படி?

அத்திக் குச்சிகள் காய்ந்து போவதைவிட அழுகிப் போவதே அதிகம். அதனால் குச்சியை நட எந்தக் கலவை என்று யோசிக்கும் முன், அதில் காற்று புகுமா என்று பாருங்கள்.

1. குச்சி எடுத்தல்

இலை உதிர்ந்து மரம் ஓய்வில் இருக்கும்போது, முற்றிய கிளையில் எடுங்கள். பென்சில் பருமன், 15 முதல் 20 செ.மீ. நீளம், 3 அல்லது 4 கணுக்கள் போதும். அடியில் கணுவை ஒட்டிக் கீழே நேராகவும், நுனியில் கணுவுக்கு 1 செ.மீ. மேலே சாய்வாகவும் வெட்டினால், எது தலை எது அடி என்று குழம்பாது. வடியும் பால் தோலை அரிக்கும், கையுறை போடுங்கள். பாலைக் கழுவி, நிழலில் உலர்த்தவும். இலைகளில் மஞ்சள் தேமல் உள்ள மரம் வேண்டாம், தேமலை உண்டாக்கும் வைரஸ் குச்சியோடு வந்துவிடும்.

2. வளர் ஊடகம்

புதியவர்களுக்கு எங்கள் பரிந்துரை: 2 பங்கு பெர்லைட் (எரிமலைப் பாறையைச் சூட்டில் பொரித்த வெள்ளைக் குருணை), 1 பங்கு கோகோபீட் (தென்னை நார்த் தூள்). பெர்லைட் தூசி மூச்சில் போகாமல் முதலில் நனைத்துக்கொள்ளுங்கள். கோகோபீட்டை இரண்டு மூன்று முறை அலசி உப்பைப் போக்குங்கள். கோகோபீட் மட்டும் போட்டால் மேலே காய்ந்தும் அடியில் சொதசொதவென்றும் இருக்கும். மேற்பரப்பைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுபவர்கள் அங்கேதான் குச்சியை இழக்கிறார்கள்.

கழுவிய பருமணலும் நல்லதே, நைஸ் மணல் இறுகிவிடும். ஸ்பாக்னம் எனும் சதுப்பு நிலப் பாசியில் சீக்கிரம் வேர் வரும், ஆனால் பாசியோடு பின்னிக்கொள்வதால் பிரிக்கும்போது அறுந்துவிடும். வெறும் தண்ணீரில் வரும் வேர்கள் மண்ணுக்கு மாறும்போது திணறும். தொழுவுரமும் தோட்ட மண்ணும் இப்போது வேண்டவே வேண்டாம்: வேரில்லாத குச்சிக்கு உரத்தால் பயனில்லை, பூஞ்சைக்குத்தான் விருந்து.

3. நடுதல்

அடியில் 4, 5 துளை போட்ட, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் கப் எடுங்கள். கலவையை இறுகப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டுமே விழ வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். மேல் கணு மட்டும் வெளியே தெரியும்படி நட்டு, பாலித்தீன் பையால் மூடி, 22 முதல் 27 டிகிரி வெப்பத்தில் நேரடி வெயில் படாமல் வையுங்கள். தினமும் சில நிமிடம் திறந்து காற்று விடவும். கப்பைத் தூக்கிப் பார்த்து, எடை நன்றாகக் குறைந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர்.

4. காத்திருத்தல்

வேர் வர பொதுவாக 3 முதல் 6 வாரம் ஆகும். இலை முதலில் விரிந்தால் அது குச்சியின் சேமிப்பில் வந்தது, வேர் வந்ததன் அடையாளம் அல்ல. வேர் பிடித்ததா என்று இழுத்துப் பார்க்காதீர்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் துடைத்து, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். பட்டை பழுப்பாகிக் கொழகொழத்தால், பச்சை தெரியும்வரை வெட்டி, ஈரம் குறைந்த புதுக் கலவையில் மீண்டும் நடுங்கள்.

5. இடம் மாற்றுதல்

கப்பின் சுவரில் கிளைவிட்ட வேர்கள் தெரிந்த பிறகு, கலவை உதிராமல் 3 லிட்டர் தொட்டிக்கு மாற்றுங்கள். பையை ஒரேயடியாக எடுத்தால் இலைகள் அன்றே துவண்டுவிடும். 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாகத் திறங்கள். உரம், புது இலைகள் தொடர்ந்து வரத் தொடங்கிய பிறகு.