கேரளத்து யூதத் தொழுகைக்கூடத்தைப் புதுப்பிக்கும் முறை

கேரளத்தின் பறவூர், சேந்தமங்கலம், மட்டாஞ்சேரி முதலிய ஊர்களில் வாழ்ந்த யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்ததால், அவர்களுடைய தொழுகைக்கூடங்கள் பல பூட்டிக் கிடந்தன. அத்தகைய கட்டடத்தைப் புதுப்பிக்க முன்வருவோர், கொத்தனாரை அழைப்பதற்கு முன் அதன் வரலாற்றைத் திரட்ட வேண்டும். எபிரேயக் கல்வெட்டு இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம். பறவூர்க் கல்வெட்டு யூத நாட்காட்டியின் 5376ஆம் ஆண்டை, அதாவது 1615-16ஐக் குறிக்கிறது. இஸ்ரேலில் வாழும் முதியவர்களிடம், எந்த வாசல் யாருக்குரியது, விளக்குகள் எங்கே தொங்கின என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்வது அவசியம். கீழ்த்தளத்தில் மறைநூல் ஓதும் மேடை இருக்க, மாடியில் பெண்கள் பகுதிக்கு முன்னால் இரண்டாவது ஓதுமேடை அமைவது கேரளத்துக்கே உரிய வழக்கம் என்பதை அறியாதவர், அதைத் தேவையற்ற பலகைத் தட்டு என்று கருதிப் பிரித்துவிடக்கூடும்.

வேலையைக் கூரையிலிருந்து தொடங்குங்கள். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் தொழுகைக்கூடம் 2019இல் மழையில் இடிந்து விழுந்ததை நினைக்கும்போது இன்றும் மனம் வலிக்கிறது. உடைந்த ஓடுகளை மாற்றி, கைமரங்களில் கரையான் அரித்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே வகை மரத்தால் ஒட்டுப்போட வேண்டும்.

சுவர் விஷயத்தில் அவசரம் கூடாது. சுவர் கட்டப் பயன்பட்ட செம்புறாங்கல் ஈரத்தை உறிஞ்சி வெளியேற்றும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லைப் பொடியாக்கிவிடும். ஆகவே பழைய சிமெண்ட் பூச்சைப் பொறுமையாகக் கொத்தியெடுத்து, சுவர் நன்றாக உலர்ந்தபின், நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் சேர்த்தரைத்த சாந்தை மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சாந்தில் சேர்க்கும் பழக்கம் நம் கொத்தனார்களுக்குத் தெரிந்ததே. பழைய சுண்ணாம்புக் காரையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தை மட்டும் எடுத்தால் போதும், மற்றதைத் தொடாதீர்கள்.

பறவூரின் தோராப் பேழை, அதாவது யூத மறைநூல் சுருள்களை வைக்கும் பேழை, இன்று எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பறவூரில் இருப்பது மறுபடிவம். இவ்வாறு படி செய்து வைப்பதை நான் ஏற்கிறேன், ஆனால் அது படி என்றும், மூலம் எங்கே உள்ளது என்றும் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். மலையாளத்துடன் எபிரேயத்திலும் எழுதினால், முன்னோரின் ஊரைத் தேடி வரும் குடும்பங்கள் தாங்களாகவே படித்துக்கொள்வார்கள்.

திறப்பு விழாவுக்குப் பின்னும், ஆண்டுதோறும் ஜூன் மழைக்கு முன் ஓடுகளையும் நீர்த்தாரைகளையும் சோதிக்க ஒருவரைப் பொறுப்பாக நியமியுங்கள்.