நாலு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள்: மூச்சுப் பழகும் முறை

மூச்சுப் பயிற்சி என்றதும் பலரும் தோளைத் தூக்கி, முடிந்த மட்டும் காற்றை நெஞ்சில் அடைக்கப் பார்க்கிறார்கள். இரண்டே நிமிடத்தில் தலை கிறுகிறுக்கும், "நமக்கு ஒத்துவராது" என்று எழுந்துவிடுவார்கள். உடம்பைத் தணிப்பது வெளியே விடும் மூச்சுதான். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல் வைத்து நாடியைப் பாருங்கள். மெதுவாக இழுக்கையில் துடிப்பு சற்று விரையும், விடுகையில் இடைவெளி கூடும். மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு இதயத்துக்குப் போடும் பிரேக், மூச்சு விடும்போது நன்றாகப் பிடிக்கிறது. இளையவர்களுக்கு இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். வயது ஏறினால் மங்கும், அதற்காகக் கவலை வேண்டாம்.

வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தால் 2 மணி நேரம் விடுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலுக்குக் காலை 6 மணிக்கு முன் மொட்டை மாடிதான் சரியான இடம். கொசுவர்த்தி, ஊதுபத்தி புகையும் அறை வேண்டவே வேண்டாம்.

முதல் படி: செல்போனில் 1 நிமிடம் டைமர் வைத்து, இழுத்து விடுவதை ஒன்றாகக் கொண்டு எண்ணுங்கள். சும்மா இருக்கையில் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை வரும்.

இரண்டாம் படி: பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே அரை கிலோ துவரம்பருப்பு பாக்கெட், நெஞ்சின் மேல் ஒரு கை. மூக்கால் இழுக்கும்போது பாக்கெட் ஏற வேண்டும், விடும்போது இறங்க வேண்டும். நெஞ்சில் உள்ள கை பெரிதாக அசையக் கூடாது. நுரையீரலுக்கு அடியில் குடை போல இருக்கும் உதரவிதானம், தட்டையாகிக் கீழே இறங்கிக் குடலைத் தள்ளுவதால்தான் வயிறு எழும்புகிறது. சிலர் தசையை முறுக்கிப் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டுவார்கள். பாக்கெட் நடுங்கினால் அதுதான் நடக்கிறது என்று அர்த்தம், வயிற்றைத் தளர விடுங்கள். 3 நாள், தினம் 5 நிமிடம், இது மட்டும் போதும்.

மூன்றாம் படி: முதல் வாரம் 3 எண்ணி இழுத்து 4 எண்ணி விடுங்கள். பழகியபின் 4, 6. ஒரு மூச்சுக்கு 10 நொடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. மனக்கணக்கு வேகமாக ஓடிவிடும், சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்து எண்ணுங்கள். நடுவில் மூச்சை அடக்காதீர்கள்.

தலை சுற்றுகிறதா? விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுப்பா? ஆக்சிஜன் கூடியதால் என்று சொல்வார்கள், காரணம் அதுவல்ல. கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. எண்ணிக்கையை மாற்றாமல் காற்றின் அளவைக் குறையுங்கள், மல்லிகையை முகர்வது போல. அப்படியும் தீரவில்லையென்றால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

குழித்தறியிலோ கொலுசுப் பட்டறையிலோ நாள் முழுக்கக் குனிந்திருப்பவர்களுக்கு வயிறு மடிந்து, உதரவிதானம் இறங்க இடமே இருக்காது. மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று 6 மூச்சு விடுங்கள். ஒரு நிமிடம்தான் ஆகும், தோள் இறுக்கம் தளர்வது அப்போதே தெரியும். தூக்கம் வராத இரவுக்கும் இதே கணக்குதான். ரத்த அழுத்தமும் சற்றே இறங்கக்கூடும், ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டும் என்றால், முன் இருக்கையில் உட்கார்ந்து கண்ணைச் சாலையில் வைத்து, முதல் வளைவிலேயே 4, 6 ஆரம்பித்துவிடுங்கள். குமட்டல் வந்தபின் ஆரம்பித்தால் எண்ணிக்கை பிடிபடாது. மேலே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. ஆகவே ஏற்றத்தில் நடக்கும்போது எண்ணாதீர்கள், உடம்பு கேட்கிற வேகத்தில் விட்டு, நின்றபின் எண்ணுங்கள்.

பனிமூட்டக் காலையில் ஆஸ்துமாக்காரர்கள் மூக்கின் மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு இன்ஹேலரோடு கிளம்புங்கள், குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல் என்றால் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.