'ஆட்சி'க்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை எழுதுவது?

சோழர் ஆட்சி, காமராஜர் ஆட்சி, ராணுவ ஆட்சி, குடியரசுத் தலைவர் ஆட்சி என எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே சொல் போதும். அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் எங்கு பார்த்தாலும் 'ரூல்' என்று எழுதிவிடுகிறோம். அங்கேதான் பிழை தொடங்குகிறது. அந்த அதிகாரம் அவருக்கு எப்படி வந்தது என்று முதலில் கேளுங்கள். பிறப்பால் வந்ததா, வாக்கால் வந்ததா, நியமனமா, பறித்துக்கொண்டதா? விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முடி சூடியவருக்கு உரியது 'ரெயின்'. அரியணையில் இருந்த காலத்தைத்தான் அது சொல்கிறது, நிர்வாகம் செய்தாரா என்பதை அல்ல. இரண்டாம் எலிசபெத் 1952 முதல் 2022 வரை 'ரெயின்' செய்தார். நாட்டை 'கவர்ன்' செய்தவர்கள் அவருடைய பிரதமர்களும் அமைச்சரவைகளும். முதலாம் ராஜராஜன் 985 முதல் 1014 வரை இரண்டையும் செய்தவர் என்பதால் அவருக்கு 'ரெயின்', 'ரூல்' இரண்டுமே பொருந்தும். இலக்கணத்தில் ஒரு கண்ணி உண்டு. 'ரெயின்' செயப்படுபொருளை நேரடியாக ஏற்காது. 'ரெயின்ட் தி கன்ட்ரி' தவறு. 'ரெயின்ட் ஓவர் தி கன்ட்ரி' சரி. 'ரூல்ட் தி கன்ட்ரி', 'ரூல்ட் ஓவர் தி கன்ட்ரி' இரண்டும் சரி. 'கவர்ன்' என்பது 'ரெயின்' என்பதற்கு நேர் எதிர்: அதன் பின்னால் 'ஓவர்' போடவே கூடாது.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதும்போது 'ரூல்' வேண்டாம். மக்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாதவர் என்ற தொனி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'கவர்ன்' என்றோ 'இன் பவர்' என்றோ எழுதுங்கள். நிலைத்துவிட்ட தொடர்கள் மட்டும் விதிவிலக்கு: ஆளுங்கட்சி 'ரூலிங் பார்ட்டி'தான், அரசமைப்பின் 356ஆம் பிரிவின்படி வருவது 'பிரெசிடென்ட்ஸ் ரூல்'தான். தமிழ்நாட்டில் அது முதன்முதலாக 1976 ஜனவரி 31 அன்று வந்தது.

'2021லிருந்து ஆட்சி செய்கிறது' என்பதை 'இஸ் ரூலிங் சின்ஸ் 2021' என்று எழுதுவது தமிழ் வினைச்சொல்லை அப்படியே தூக்கிவைப்பது. இதில் சொல்லும் தவறு, காலமும் தவறு. 'ஹேஸ் பீன் இன் பவர் சின்ஸ் 2021' என்று வர வேண்டும். அதேபோல் தேர்தலில் 'ஆட்சியைப் பிடித்தது' என்றால் 'கேம் டு பவர்'. 'சீஸ்ட் பவர்' என்று எழுதினால் வெளிநாட்டு வாசகர் தெருவில் பீரங்கி வண்டி நிற்பதாகவே எடுத்துக்கொள்வார்.

கூடுதல் கவனம் தேவைப்படும் சொல் 'ரெஜீம்'. தமிழ்நாட்டில் ஒரு கட்சியின் ஆட்சிக்காலத்தைக் குறிக்க அதைச் சாதாரணமாகப் பயன்படுத்துகிறோம். வெளியில் அப்படி இல்லை: அடக்குமுறை அரசு, முறையாக வராத அரசு என்ற கண்டனம் அதில் இருக்கிறது. பாராட்டி எழுதும் கட்டுரையில் அந்தச் சொல் வந்தால் கட்டுரையே தலைகீழாகிவிடும். முதலமைச்சர் பதவிக்காலத்துக்கு 'டென்யூர்' போதும். காமராஜருக்கு அது 1954 முதல் 1963 வரை. 'டர்ம்' என்பது சட்டம் வகுத்த தவணை, சட்டமன்றத்துக்கு 5 ஆண்டுகள். ஒருவருடைய 'டென்யூர்' பல 'டர்ம்'களைத் தாண்டலாம், ஒன்றின் நடுவிலும் முடியலாம்.

நியமனத்தால் வரும் பதவிகளில் பட்டப்பெயரைச் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள். 1858க்குப் பிறகு பிரிட்டிஷ் இந்தியாவின் தலைமை நிர்வாகி 'கவர்னர் ஜெனரல்', 'வைஸ்ராய்' என்ற இரு பெயராலும் அழைக்கப்பட்டார். 1947 ஆகஸ்ட் 15க்குப் பிறகு 'வைஸ்ராய்' கிடையாது. ஆகவே 1948 முதல் 1950 வரை அப்பதவியில் இருந்த ராஜாஜி 'கவர்னர் ஜெனரல்' மட்டுமே. சிறுவயது அரசனுக்காக ஆள்பவர் 'ரீஜென்ட்'. திருவிதாங்கூரில் சித்திரைத் திருநாள் சிறுவராக இருந்தபோது, 1924 முதல் 1931 வரை சேது லட்சுமி பாய் அப்படி ஆண்டார். 'ரூல்ட் ஆஸ் ரீஜென்ட்' என்று எழுதுவதே பாதுகாப்பு.

'பவர்' செய்ய முடிகிற வலிமை. 'அத்தாரிட்டி' செய்வதற்கான உரிமை. துப்பாக்கி வைத்திருப்பவனிடம் முன்னது இருக்கும், பின்னது இருக்காது. 'அத்தாரிட்டி'யை அடுத்து வரும் சிறுசொல் பொருளையே மாற்றும்: 'ஓவர்' வந்தால் ஒருவர் மீதான அதிகாரம், 'டு' வந்தால் ஒன்றைச் செய்யும் உரிமை, 'ஆன்' வந்தால் ஒரு துறையில் வல்லவர். 'தி அத்தாரிட்டீஸ்' என்று பன்மையில் வந்தால் அதிகாரிகள். வினையும் பன்மையாக வேண்டும்.

ஒப்பந்தங்களில் 'இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டது' என்பதற்கு 'கவர்ன்ட் பை'. நீதிமன்றம் தீர்ப்பளித்தது என்றால் 'ரூல்ட் தட்'.

கடைசியாக எழுத்துக்கூட்டல். ஆட்சிக்கால 'ரெயின்' என்பதில் ஐ-க்கும் என்-னுக்கும் நடுவே ஒலிக்காத ஜி உண்டு. ஜி இல்லாவிட்டால் அது குதிரையின் கடிவாளம். 'ஃப்ரீ ரெயின்' என்பது கடிவாளத்தைத் தளர்த்தி விடுவதிலிருந்து வந்த தொடர் என்பதால் அங்கே ஜி வராது. ஆங்கிலேயரே அடிக்கடி தவறவிடும் இடம் இது. 'கவர்ன்மென்ட்' எழுதும்போது 'கவர்ன்' என்பதன் என்-னை விழுங்கிவிடாதீர்கள். பேச்சில் அது பெரும்பாலும் கேட்காது.