‘தி டெம்பெஸ்ட்’ல விறகு சுமக்கிறது யாரு? காலனிய அதிகாரத்தைக் கண்டுபிடிச்சு நாடகம் படிக்கிறது எப்படி

ஷேக்ஸ்பியரை முதல் தடவை கையில எடுக்கிறவங்களுக்கு நான் சொல்றது எப்பவும் ‘தி டெம்பெஸ்ட்’ தான். மொத்தமே 9 காட்சி, ஒரே தீவு, ஒரு மதியத்துல ஆரம்பிச்சு சாயங்காலத்துக்குள்ள கதையே முடிஞ்சிடும். ஆனா மந்திரவாதி கதைன்னு மட்டும் படிச்சு மூடி வச்சீங்கன்னா பாதி நாடகம் போச்சு. ஒரு பென்சிலும் நோட்டும் எடுத்துக்கோங்க.

ஸ்டெப் 1: வருஷங்களை முதல் பக்கத்துல எழுதுங்க

1607ல இங்கிலாந்துக்காரங்க வர்ஜீனியாவுல ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தை ஆரம்பிக்கிறாங்க, 1609ல அங்க போன ‘சீ வென்ச்சர்’ கப்பல் புயல்ல மாட்டி பெர்முடாவுல ஒதுங்குது, 1611 நவம்பர் 1 அன்னிக்கு இந்த நாடகம் ஜேம்ஸ் ராஜா முன்னாடி நடக்குது. அதுக்காக கதை அமெரிக்காவுல நடக்குதுன்னு நினைச்சிடாதீங்க, நிறைய பேர் பண்ற தப்பு இது. கப்பல் டூனிஸ்லேர்ந்து நேப்பிள்ஸுக்குப் போற வழியில மாட்டுது, அதனால தீவு மத்தியதரைக் கடல் பக்கம்தான், பெர்முடா பேரு, மந்திரவாதிக்கு வேலை செய்யுற ஆவியான ஏரியல் பேச்சுல சும்மா வந்து போகும்.

ஸ்டெப் 2: முதல் அங்கம் இரண்டாவது காட்சியை ரெண்டு தடவை படிங்க

இங்க அவசரப்படவே கூடாது. மந்திரவாதி ப்ராஸ்பெரோ தன் மகள் மிராண்டாகிட்ட, மிலான் ஆட்சியை என் தம்பி பிடுங்கிட்டான்னு அவ்ளோ வலியோட சொல்றார். கொஞ்ச நேரத்துல, அவர் அடிமையா வச்சிருக்கிற தீவுக்காரன் காலிபன் வந்து, இந்தத் தீவு எங்கம்மா சிக்கொராக்ஸ் வழியா எனக்கு வந்தது, நீ பிடுங்கிக்கிட்டேன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்றான். ரெண்டு பேச்சையும் நோட்டுல பக்கத்துப் பக்கத்துல எழுதிப் பாருங்க. நீ வந்த புதுசுல என்னைத் தடவிக்கொடுத்த, பழம் போட்ட தண்ணி கொடுத்த, சூரியனுக்கும் சந்திரனுக்கும் பேர் சொல்லிக்கொடுத்த, நானும் நல்ல ஊத்து எங்க, உப்புக்குழி எங்க, விளையுற மண்ணு எங்கன்னு எல்லாத்தையும் காட்டினேன்னு அவன் சொல்ற இடத்துல எனக்கு இன்னிக்கும் மனசு கனத்துப் போகும்.

அதே காட்சியில ப்ராஸ்பெரோ, அவன் இல்லாம நமக்கு ஆகாது, நெருப்பு மூட்டுறான், விறகு கொண்டுவரான்னு சொல்ற வரிக்கு அடியில கோடு போடுங்க.

ஸ்டெப் 3: விறகைப் பின்தொடருங்க

இரண்டாம் அங்கத்தோட இரண்டாவது காட்சியில காலிபன் விறகுச் சுமையோட வரான். அதுக்கு அடுத்த காட்சியிலயே கப்பல்ல வந்து மாட்டின இளவரசன் பெர்டினாண்ட் கட்டை தூக்கிட்டு வரான்! அவனுக்கு அது ஒரு மதியப் பரீட்சை, முடிவுல மிராண்டாவோட கல்யாணம். காலிபனுக்கு அதுதான் பொழப்பே.

ஸ்டெப் 4: கஷ்டமான வரிகளைத் தாண்டிப் போகாதீங்க

காலிபன் மிராண்டாவை பலாத்காரம் பண்ணப் பார்த்தான்னு குற்றச்சாட்டு வருது, அவன் மறுக்கவும் இல்ல. அவனைப் புனிதனாக்க இதை மறைக்கிறது தப்பு, அதே சமயம் அவனைப் பாறையில அடைச்சு வேலை வாங்குறதுக்கு இதுதான் காரணமா காட்டப்படுதுங்கிறதையும் குறிச்சுக்கோங்க. ஏரியலையும் பாருங்க. சிக்கொராக்ஸ் அடைச்ச பைன் மரத்துலேர்ந்து உன்னை விடுவிச்சேனேன்னு மாசம் ஒருதடவை அதுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்குன்னு ப்ராஸ்பெரோவே சொல்றார். நன்றிக்கடனை வச்சே கட்டிப்போடுறது!

ஸ்டெப் 5: இப்போ செசேரைப் படிங்க

மார்டினிக் தீவுக்காரர் எய்மே செசேர், கவிஞர், பல வருஷம் அங்க மேயராவும் இருந்தவர். 1969ல இதே கதையைப் பிரெஞ்சுல ‘ஒரு புயல்’னு எழுதினார். அதுல காலிபன் கறுப்பின அடிமை, ஏரியல் கலப்பின அடிமை. காலிபன் பேசுற முதல் சொல்லே ‘உஹுரு’, ஸ்வாஹிலில விடுதலை. நீ வச்ச பேரு எனக்கு வேண்டாம், எக்ஸ்னு கூப்பிடுன்னு சொல்றான். முடிவுல ப்ராஸ்பெரோ தீவை விட்டுப் போக மாட்டார், அங்கேயே இருந்து கிழமாகித் தளர்ந்து போறார், தூரத்துல காலிபனோட விடுதலைப் பாட்டு கேக்குது.

இதைப் படிச்ச கையோட திரும்ப ஷேக்ஸ்பியரோட கடைசி காட்சிக்கு வாங்க. ப்ராஸ்பெரோ மிலானுக்குக் கிளம்புறார், ஏரியலுக்கு விடுதலை. காலிபன் கப்பல்ல ஏறுறானா, தீவு அவனுக்கே திரும்புதான்னு வரி வரியா தேடுங்க. ஷேக்ஸ்பியர் அதை எழுதவே இல்ல.