ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரைவர் போட மறப்பது, கேபிளை மாற்றிச் செருகுவது எல்லாம் உடனே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுவோம்.

இரண்டு கார்டிலும் கேட்வே

புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் இதில்தான் விழுகிறார்கள். ஐபி, சப்நெட் மாஸ்க், கேட்வே என்று கட்டங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் நிரப்பிவிடுகிறார்கள். எங்கே அனுப்புவது என்று தெரியாத பாக்கெட் (தரவுத் துண்டு) எல்லாம் வெளியே போகும் வாசலான கேட்வேக்குத்தான் போகும். இரண்டு கேட்வே இருந்தால், மெட்ரிக் (ஒவ்வொரு வழிக்கும் இருக்கும் முன்னுரிமை எண்) குறைவான வழியை விண்டோஸ் பிடித்துக்கொள்ளும். மெட்ரிக்கைத் தானாகப் போடவிட்டால், வேகமான கார்டுக்குத்தான் குறைந்த எண் கிடைக்கும்.

ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 100 எம்பிபிஎஸ் கார்டு இன்டர்நெட்டுக்கு, 1 ஜிபிபிஎஸ் கார்டு கேமரா ரெக்கார்டருக்கு. இரண்டிலும் கேட்வே. கேமரா சுவிட்ச் ஓடும்போதெல்லாம் நெட் போய்விடும், அணைத்தால் வந்துவிடும். இந்தத் தொடர்பை யாரும் கவனிக்கவில்லை. ரவுட்டரை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள், இணைப்பு கொடுத்தவரிடம் சண்டை போட்டார்கள். அதுவும் 20ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். கேமரா கார்டில் கேட்வே கட்டத்தைக் காலியாக்கினேன், சரியாகிவிட்டது. கேமரா அந்தக் கார்டின் சப்நெட்டிலேயே (அதே ஐபி முகவரி வரிசையில்) இருப்பதால், அதைப் பார்க்க கேட்வே தேவையே இல்லை.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது, இரண்டாவது கேட்வேயைக் கொடுக்கும்போதே விண்டோஸ் எச்சரிக்கிறது என்பதுதான். தனித்தனி நெட்வொர்க்குகளில் இது சரியாக வேலை செய்யாது என்று தெளிவாக எழுதியிருக்கும். படிக்காமலே ‘யெஸ்’ அழுத்துகிறார்கள். தயவுசெய்து படியுங்கள்.

இரண்டாவது நெட்வொர்க்குக்கு அப்பால் இன்னொரு நெட்வொர்க்கை எட்ட வேண்டுமா? அதற்கு மட்டும் ‘ரூட் ஆட்’ (route add) கட்டளையில் வழி கொடுங்கள். ‘-பி’ (-p) சேர்க்காவிட்டால் ரீஸ்டார்ட்டில் அழிந்துவிடும்.

இரண்டுக்கும் ஒரே சப்நெட்

வேண்டாம். ஒரு கார்டின் ஐபி 192.168.1 என்று தொடங்கினால் மற்றது 192.168.10 என்று தொடங்கட்டும்.

வேகம் இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கை

எல்ஏசிபி (பல இணைப்புகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை) போட்டு இரண்டு 1 ஜிபிபிஎஸ் கார்டுகளைச் சேர்த்தாலும், ஒரு இணைப்பு ஒரு கார்டு வழியாகத்தான் போகும். பலர் ஒரே நேரத்தில் எடுக்கும் சர்வருக்குப் பலன் உண்டு. நீங்கள் ஒருவரே ஃபைல் காப்பி செய்வதற்கு 2.5 ஜிபிபிஎஸ் கார்டு ஒன்றே மேல், அப்புறம் எதிர்முனையும் சுவிட்சும் அதே வேகத்தில் இருக்க வேண்டும்.

ஸ்லாட்டைப் பார்க்காமல் செருகுவது

மதர்போர்டில் உள்ள பிசிஐஇ 2.0 எக்ஸ்1 என்ற சிறிய ஸ்லாட்டில் 4 ஜிபிபிஎஸ்தான் போகும். 10 ஜிபிபிஎஸ் கார்டு அங்கே வீண்.

‘ஈத்தர்நெட் 2’, ‘ஈத்தர்நெட் 3’

விண்டோஸ் கார்டுகளுக்கு வைக்கும் இந்தப் பெயர்களை மாற்றுங்கள், எது எதற்கு என்று தெரியும். ‘இன்டர்நெட்’, ‘கேமரா’ போதும்.